கீர்த்திச் சுவரில் பத்தாவது இடம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்பார் என் கணவர். அது தவறு. மூக்கு நுனி வரை வந்து காத்திருக்கும் பொறுமை என் கோபத்துக்குக் கிடையாது. அந்தக் கோபத்தால் எனக்கு நானே வைத்துக்கொண்ட ஆப்பைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

தெலுங்கு ஊரில் குடியேறிய தமிழ் நண்பர்கள் நாங்கள், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நகரின் மறுகோடியில் இருக்கும் சைனிக்புரியில் கூடுவோம். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற வேலூர்க்காரர் ஒருவர்தான் செயலாளர். அவர் வீட்டு மாடிக் கூடம்தான் எங்கள் மண்டபம். கொண்டாப்பூரிலிருந்து ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு நான் போவேன். அங்கே கிடைக்கும் இட்லிக்காகப் போகிறேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். பாதி உண்மைதான்.

போன வருடம் மாடிக்கு வெள்ளையடித்தார்கள். ஒரு சுவர் மட்டும் வெறிச்சென்று இருந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நம் காதுகளைப் பழக்கிய இசைக்காரர்களின் படங்களை அதில் மாட்டி, கீர்த்திச் சுவர் என்று பெயரும் வைத்துவிடலாம் என்று முடிவானது. செயலாளர் மறுநாளே போய்ப் பத்துக் கண்ணாடி ஃபிரேம் வாங்கி வந்துவிட்டார். ஆளைத் தேர்ந்தெடுக்கும் முன்பே ஃபிரேம் வந்துவிட்டதால், பத்துப் பேர்தான் என்பதை யாரும் விவாதிக்கவே முடியவில்லை.

முதல் கூட்டத்தில் ஆளாளுக்குச் சொற்பொழிவு ஆற்றினார்கள். ஒரு நாகஸ்வரக்காரருக்காக ஒருவர் பேசி முடிப்பதற்குள் இட்லி கல்லாகிவிட்டது. செயலாளர் உடனே ஒரு முறையைக் கொண்டுவந்தார். இனி யாரும் பேசக்கூடாது. முன்மொழிகிறவர் எழுந்து நின்று, தம்முடைய ஆளின் இசையில் ஒரு வரியை எடுத்துக்கொடுக்க வேண்டும். கூடத்தில் எத்தனை பேர் அதைத் தொடர்ந்து பாடுகிறார்களோ அத்தனை ஓட்டு. பாதிப் பேருக்கு மேல் பாடினால் சுவரில் இடம் உண்டு. செயலாளர் வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொருவர் வாயையும் பார்த்து எண்ணுவார். பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் செய்வதுபோல் வாயை மட்டும் அசைத்த இரண்டு பேரைக் கையும் களவுமாகப் பிடித்துக் கழித்துவிட்டார்.

அன்றுதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. கொண்டாப்பூரில் எனக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் திருநெல்வேலிக்காரர், மென்பொருள் வேலை, நல்ல மனிதர். தம் பெரிய தாத்தாவை முன்மொழிந்தார். அவர் வானொலியில் இரண்டு முறை வீணை வாசித்தாராம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இது கீர்த்திச் சுவரா, கல்யாண ஆல்பமா? ஆளுக்கொரு தாத்தாவை மாட்ட ஆரம்பிச்சா சுவரு தாங்குமா?" என்று கத்திவிட்டேன். சொந்தக்காரரை முன்மொழிந்தால் செல்லாது என்று விதி எழுதச் சொன்னேன். எழுதினார்கள். அந்த மனிதர் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்தார். நான் நியாயத்தைக் காப்பாற்றிய மிதப்பில் மூன்று இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

திரும்பி வரும்போது தார்நாக்கா சிக்னலில் கார் நின்றது. ரேடியோவில் ஒரு பழைய பாட்டு தொடங்கியது. குரல் வருவதற்கு முன்னால் சில நொடிகள் வெறும் பாங்கோ மட்டும் ஒலிக்கும். முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு விரலால் வாசிக்கிற ஜோடிச் சிறு முரசு அது. அதை வாசித்தவர் என் அப்பா.

பச்சை விழுந்து, பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தும் நான் நகரவில்லை. சென்னை ஸ்டுடியோக்களில் இருபது வருடம் வாசித்தவர் அவர். இன்றைக்குத் தமிழ்நாட்டில் தாளம் போட்டுப் பாத்திரம் கழுவுகிற எவரும் அவருடைய விரலைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள். ஆனால் ஒரு படத்திலும், ஓர் இசைத்தட்டிலும் அவர் பெயர் கிடையாது. பாடகர்களும் இசையமைப்பாளர்களும் மட்டுமே என் புத்தியில் இருந்ததால், அப்பாவைச் சுவரில் வைக்கலாம் என்று கூட்டத்தில் எனக்கே தோன்றவில்லை. தோன்றியபோது கதவை நானே சாத்தி, பூட்டையும் போட்டிருந்தேன். எனக்கு அப்பாவின் படம் சுவரில் வேண்டும் என்று அப்போதே பிடிவாதம் வந்துவிட்டது. ஆனால் சிபாரிசில் வேண்டாம், ஓட்டில் வேண்டும்.

கூட்டத்தில் என் நெருங்கிய தோழி மெட்டுகுடாக்காரி. ரயில்வே பட்டறைக்கு வேலைக்கு வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. அவளும் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள். அவளிடம் மட்டும் சொன்னேன். அவள் தமிழில் உள்ளூர் உருது கலந்திருக்கும்; 'ஏன்' என்பது அவளுக்குக் 'கைக்கு', 'ஆமாம்' என்பது 'ஹவ்'.

"கைக்கு டென்ஷன் ஆகுற? நான் முன்மொழியறேன் போ. எனக்கு உங்கப்பா சொந்தமா என்ன?" என்றாள்.

"நீ பாடினா போதாதுடி. அவரு பாடினவரு இல்லையே. தட்டணும்."

"ஹவ், தட்டறேன். டிக்கெட் கிழிச்ச கை இது."

அடுத்தடுத்த மாதங்களில் சுவர் நிரம்பியது. அந்தக் காலைகளைப் போல நான் சிரித்த காலைகள் குறைவு. முழங்கால் வலிக்காரர்கள் எழுந்து நின்று பாடினார்கள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் எங்கள் பிள்ளைகள்கூட, எங்கே கற்றார்களோ, சரணம் வரை பிசகாமல் வந்தார்கள். ஒன்பது பேர் தேர்வாகிவிட்டார்கள். பத்தாவது இடத்துக்குத் தோழியின் முறை வந்தது.

அவள் எழுந்தாள். "இவரு பேரு கடைசில சொல்றேன். காதைக் குடுங்க" என்று மேசையில் தட்டத் தொடங்கினாள். நான் அவளுக்கு மூன்று வாரம் என் சமையலறையில் பயிற்சி கொடுத்திருந்தேன். பாவம், கூட்டத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. அவள் விரலில் வந்தது சரக்கு ரயில். மூன்று பேர் எதையோ முனகினார்கள். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செயலாளர் பேனா மூடியைத் திறந்தார்.

உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அப்பா வாசித்ததை யாராவது அப்படிக் கொலை செய்தால் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. விறுவிறுவென்று போய் அவளைத் தள்ளிவிட்டு, மேசையில் நானே தட்டினேன்.

இரண்டு சுற்றுகூட முடியவில்லை. பின் வரிசையில் யாரோ பல்லவியை எடுத்தார்கள். அடுத்த நொடி கூடம் முழுவதும் பாடியது. நான் நடையை மாற்றினேன். அவர்கள் பாட்டை மாற்றினார்கள். படகுப் பாட்டு, சைக்கிள் பாட்டு, ஒரு கிளப் நடனம். ஒரு சொல் எடுத்துக்கொடுக்கவில்லை, ஒரு சுரம் கொடுக்கவில்லை, வெறும் விரல்தான். செயலாளர் எண்ணுவதை மறந்து தாமும் பாடிக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம்.

பாட்டு ஓய்ந்ததும் அவர் கேட்டார்: "இவ்ளோ கரெக்டா உனக்கு எப்படிம்மா வருது?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "எங்கப்பா வாசிச்சது சார்" என்றேன்.

அந்தத் திருநெல்வேலிக்காரர் எழுந்து நின்றார். அவர் என்ன சொன்னாலும் எனக்கு அது தகும்.

"மேடம், நீங்க வச்ச விதிதான. அப்பாவுக்காக மகளே தட்டினா அது செல்லாதுல்லா?" என்றார்.

"செல்லாது" என்றேன்.

"அப்ப நான் முன்மொழியுதேன். அவரு எனக்குச் சொந்தம் இல்லையே."

சொல்லிவிட்டு உட்கார்ந்து, தம் பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடியில் தட்டினார். ஒருமுறைதான் கேட்டிருக்கிறார், அப்படியே வந்தது. மறுபடியும் மொத்தக் கூடமும் பாடியது. இந்த முறை செயலாளர் மறக்காமல் நடந்து நடந்து எண்ணினார். வந்திருந்த நாற்பது பேரில் ஓட்டுப் போடாதது நான் ஒருத்திதான். நான் பாடும் நிலையில் இல்லை. அந்த மனிதரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்க மேடம், எங்க தாத்தா சுமாராத்தான் வாசிப்பாராம்" என்றார்.

செயலாளர் வெள்ளைப் பலகையில் பத்து என்று எண் போட்டு அப்பாவின் பெயரைக் கேட்டார். சொன்னேன். இனிஷியல் கேட்டார். சொன்னேன். ஒன்பது பெரிய பெயர்களுக்குக் கீழே அதே அளவு எழுத்தில் எழுதினார். பிறகு, தேர்வு முடிந்துவிட்டதால் எல்லோரும் எழுந்து பட்டியலைச் சேர்ந்து வாசிப்போம் என்றார்.

அப்பா இருந்தவரை அவர் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மாவுக்கு அவர் 'என்னங்க', ஸ்டுடியோவில் 'பாங்கோ', எங்களுக்கு அப்பா. அன்றைக்கு நாற்பது பேரும் ஒரே குரலில், இனிஷியலோடு, அவர் பெயரைச் சொன்னார்கள். நானும் சிரித்துக்கொண்டே சொன்னேன். என் குரல் மட்டும் அரை நொடி பின்தங்கிவிட்டது. தாளம் தப்பியதற்கு அப்பா திட்டியிருப்பார்.