வவுனியாத் தண்ணீர், கோப்பாய்ப் பல்

வவுனியாவுக்கு மாற்றலாகி வந்த முதல் நாள் காலை, ஒழுங்கை முடிவிலிருந்த பைப்படியில் நின்று தலைக்குச் சவுக்காரம் போட்டேன். நுரை வரவில்லை. இன்னும் கொஞ்சம் போட்டேன். நுரைக்குப் பதிலாகத் திரைந்த பால் மாதிரி ஒன்று தலையில் திரண்டு, கழுவக் கழுவப் போகாமல் மயிரோடு ஒட்டிக்கொண்டது. அந்தத் தலையோடுதான் புதுக் கந்தோருக்குப் போய் மேலதிகாரிக்கு வணக்கம் சொன்னேன். அவர் என் தலையைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவரும் என்னைப்போல யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர் என்பது பிறகு தெரிந்தது.

சவுக்காரம்தான் கூடாது என்று நினைத்து, சந்திக் கடையில் வேறொன்று வாங்கினேன். அதுவும் அப்படியே. மறுபடி போனபோது கடைக்காரர் இன்னொரு கட்டியைக் கடதாசியில் சுற்றிக் கையில் தந்துவிட்டுச் சொன்னார்.

“ஐயா, பைப்புத் தண்ணியில எந்தச் சவுக்காரமும் நுரைக்காது.”

“இதை முதலே சொல்லியிருக்கலாமே?”

“நீங்கள் சவுக்காரம்தானே கேட்டனீங்கள்.”

அவர் என்னை ஏமாற்றவில்லை. தண்ணீர் என்றால் இப்படித்தான் என்று பிறந்ததிலிருந்தே அவருக்குத் தெரியும். அது தெரியாத ஒருவன் உலகத்தில் இருப்பான் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான கோப்பாயில் இருக்கிறவர்களுக்கும், என்னைப்போல ஆனையிறவைத் தாண்டி வந்து சம்பளத்துக்கும் காணிக்கும் இங்கே குந்தியிருக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். இந்தத் தண்ணீர் பார்வைக்குப் பளிங்கு மாதிரி இருக்கும். குடித்தால் நாக்கின் அடியில் மெல்லிய கயர்ப்பு. பருப்பை அடுப்பில் வைத்துவிட்டுக் கந்தோருக்குப் போய் மத்தியானம் வந்து பார்த்தாலும் அது பருப்பாகவே இருக்கும். கேத்திலின் அடியில் வெள்ளையாக ஓடு கட்டும். கோப்பாயில் எங்கள் வீட்டுக் கேத்திலிலும் இப்படிப் படிவதுண்டு. அங்கே அதற்குப் பெயர் ஊர்த் தண்ணீரின் சத்து. வவுனியாவில் அதையே நான் ஊத்தை என்று சொன்னேன். வந்து கொஞ்சக் காலத்தில் எல்லாவற்றுக்கும் வழி பிடிபட்டுவிட்டது. தலைக்குச் சீயாக்காய் போட்டேன், பருப்பை முதல் நாளே ஊறப் போட்டேன். மனிதன் எதற்கும் பழகுவான், சம்பளம் வருமென்றால் இன்னும் கெதியில் பழகுவான்.

பல்லைப் பற்றி அப்போது எனக்குத் தெரியாது.

வவுனியாவை அடுத்த நெளுக்குளத்தில் வயல் செய்கிற ஒரு கமக்காரர் வீட்டில் எனக்குச் சம்பந்தம் பேசினார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில், பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று என் சவுக்காரக் கதையைச் சொன்னேன். பெரியவர்கள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். கதவு நிலையில் நின்ற பெண் பூமணி மட்டும் சத்தமாகச் சிரித்துவிட்டாள். முன்பற்களில் குறுக்காக மண்ணிறக் கோடு ஓடியிருந்தது. அவளுடைய தகப்பனுக்கும் அப்படி, தம்பிமாருக்கும் அப்படி. இந்தத் தண்ணீரைக் குடித்து வளர்கிற பிள்ளைகளின் பல் இப்படித்தான் ஆகும் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துப்போயிற்று. ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கலியாணத்துக்குக் கோப்பாயிலிருந்து வந்த என் அக்கா, மணவறைக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டாள்.

“தம்பி, பொம்பிளை வெத்திலை போடுறவளோ?”

“இல்லை அக்கா, இது தண்ணியால வாறது.”

“தண்ணியால பல்லு கறுக்குமோ? ஆர் சொன்னது?”

அக்காவுக்கு விளங்கவில்லை. எங்கள் ஊரில் தண்ணீர் பல்லைக் கழுவத்தான் செய்யும். ஊருக்குத் திரும்பியதும் பூமணி பல் தேய்க்கவென்று ஒரு போத்தல் நிறைய உமிக்கரி அரித்து, தேங்காய் எண்ணெயோடு சேர்த்து அனுப்பிவைத்தாள். நல்லெண்ணத்தில் செய்தாள், அதிலே எனக்குச் சந்தேகமில்லை. பூமணி நன்றி சொல்லி அனுப்பினாள். அதன் பிறகு அவள் சிரிக்கும்போதெல்லாம் சேலைத் தலைப்பு வாய்க்கு வந்தது. கலியாணமான புதிது, வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் வதனி பிறந்தாள். பாற்பற்கள் அரிசி மாதிரி வெள்ளையாக முளைத்தன. அக்கா வந்து பார்த்துவிட்டு நிம்மதியானாள். அவளுக்குப் பிள்ளையில்லை, வதனி என்றால் உயிர். ஒரு தரம் பிள்ளைக்கென்று கோப்பாய்க் கிணற்றுத் தண்ணீரை ஒரு டின்னில் அடைத்து ரயிலில் கொடுத்தனுப்பினாள். அது முந்தி மண்ணெண்ணெய் இருந்த டின். வவுனியாவில் இறங்கிய தண்ணீரில் எங்கள் ஊர் வாசம் வரவில்லை. அதை முருங்கைக்கு ஊற்றினோம். முருங்கை செத்துப்போயிற்று.

வதனிக்கு முதல் பல் ஆடத் தொடங்கிய நேரம் அக்கா மறுபடி வந்தாள். குசினியில் எனக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். பூமணி வாசலடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

“தம்பி, புதுப் பல்லு வர முந்திப் பிள்ளையை என்னட்டைத் தா. பல்லு எல்லாம் முளைச்சு முடியுமட்டும் எங்கட தண்ணியைக் குடிச்சு வளரட்டும். அங்கை நல்ல பள்ளிக்கூடமும் இருக்கு. நாளைக்கு ஒரு இடத்தில இருந்து பாக்க வந்தால் பிள்ளை வாயைத் திறக்க வேணுமெல்லே?”

சட்டி கழுவுகிற சத்தம் நின்றது. எனக்கு அக்காவின் மேல் கோபம் வந்தது. அவள் சொல்வது சரியாக இருந்தது என்பதுதான் கோபத்துக்குக் காரணம். நான் வாயைத் திறக்க முதல் பூமணி சொன்னாள்.

“கூட்டிக்கொண்டு போங்கோ மச்சாள்.”

அக்கா பிள்ளையைக் குளிக்க வார்க்கப் போன பிறகு கேட்டேன்.

“ஏன் ஓமெண்டனீர்?”

“மச்சாள் தந்துவிட்ட உமிக்கரியைப் பல்லடி முரசு கிழிஞ்சு ரத்தம் வருமட்டும் தேச்சனான். உங்களுக்குத் தெரியாது. என்ர பிள்ளை அப்பிடித் தேய்க்க வேண்டாம்.”

வதனியை அக்காவோடு ரயிலேற்றிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தோம். பைப்பில் தண்ணீர் வந்தது, பூமணி போய்ப் பிடித்து வந்தாள், குடத்தை இறக்கி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அந்தத் தண்ணீரின் மேல் வந்த வெறுப்பைப்போல எந்த மனிதர் மேலும் வந்ததில்லை. ஆனால் அதைத்தான் குடிக்க வேண்டியிருந்தது, குடித்தேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் போயிருக்கும். பள்ளிக்கூட விடுமுறைக்குக் கோப்பாய் போனோம். அக்கா வழமையாகப் படலையடியில் நிற்பவள், அன்று நிற்கவில்லை. குசினிக்குள் இருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“தம்பி, நான் வேற தண்ணி ஒண்டும் குடுக்கேல்லை. கோயில் கேணியிலகூட வாய் கொப்பளிக்க விடேல்லை.”

வதனி அவளுக்குப் பின்னால் வலது கையால் வாயைப் பொத்தியபடி நின்றாள். பூமணி குனிந்து அந்தக் கையை விலக்கினாள். புதிதாக முளைத்த இரண்டு முன்பற்கள். இரண்டிலும் குறுக்காக மண்ணிறக் கோடு. தாயின் வாயிலிருந்து எடுத்து மகளின் வாயில் வைத்த மாதிரி இருந்தது.

“பல்லு டொக்டரிட்டையும் காட்டினனான்,” என்றாள் அக்கா. “பல்லு வெளியில வர எத்தினையோ வருஷம் முந்தியே முரசுக்குள்ள உருவாகுமாம். இவள் அங்கை தவழ்ந்து திரியேக்கையே எல்லாம் முடிஞ்சுதாம். நான் அறியாமல் பிள்ளையைப் பிரிச்சுப்போட்டன் மச்சாள்.”

பூமணி மகளின் பல்லை விரலால் தடவிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

“அப்ப இனி இவளை இஞ்சை விட வேண்டியதில்லை,” என்றாள்.

விடுமுறை முடிய நான்கு நாள் இருந்தது. அடுத்த நாளே ரயிலேறினோம். அக்கா ஸ்டேசன்வரை வந்து, பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு நின்றாள். அவளைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. ரயில் வெளிக்கிட்ட பிறகும் வதனியின் கை வாயிலேயே இருந்தது. கோப்பாயில் பழகிக்கொண்ட பழக்கம். தாயோடு கதைக்கும்போதும் கைக்கு உள்ளேயிருந்துதான் கதைத்தாள். ஆனையிறவு போயிற்று. கிளிநொச்சியில் ஒரு மனுசி பனையோலைக் கடகத்தோடு ஏறி, தாய்க்கும் மகளுக்கும் பக்கத்தில் இடம் பிடித்து இருந்தா.

“பிள்ளை எந்த ஊர்?” என்று கேட்டுச் சிரித்தா. அவவின் பற்கள் முழுவதும் மண்ணிறம்.

வதனி அந்த வாயைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை இறக்கி மடியில் வைத்தாள்.

“வவுனியா,” என்றாள்.

அதன்பிறகு மூன்று பேரும் கதையோ கதை. வேளாண்மை, மாடு, பைப்பில் தண்ணீர் வருகிற நேரம். எதற்கோ நானும் எதிர் ஆசனத்தில் இருந்தபடி சிரித்தேன். மனுசி கதையை நிறுத்திவிட்டு என் வெள்ளைப் பற்களைப் பார்த்தா. பூமணியின் பக்கம் சாய்ந்து கேட்டா.

“ஐயா யாழ்ப்பாணமோ? உங்களோட வாறவரோ?”

பூமணி வாய் நிறையச் சிரித்தாள். சேலைத் தலைப்பு தோளிலேயே கிடந்தது.

“ஓம், எங்களோடதான்.”

நான் வாயை மூடிக்கொண்டேன்.