கல்லறைத் தோட்டத்தில் வயது கேட்ட டாக்டரம்மா

போன வாரம் மொரப்பூர் ஸ்டேஷனில் மெட்ராஸ் வண்டிக்காக நின்றிருந்தேன். அரூரிலிருந்து வந்த ஒருவர், மரகதம் டாக்டரம்மா தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார். குடல் பரிசோதனைக்குத்தான் கிளம்பியிருந்தேன். அதற்கு என்னைப் பழக்கியவரே அவர்தான். தள்ளிப்போட்டால் செத்தும் திட்டுவார் என்று தெரிந்தும் அரூர் பஸ் ஏறினேன்.

அவரிடம் வைத்தியம் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த அம்மாள் நாக்கில் தேன் கிடையாது. வயிற்றுவலி என்று போனால், அப்பா இருக்கிறாரா, எதனால் போனார், அப்போது என்ன வயது என்றுதான் முதலில் கேட்பார். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு துருவமாட்டார்கள் என்று சிரிப்போம்.

என் அண்ணன் அந்தோணிக்கு மலத்தில் ரத்தம் போனது. மூலம் என்று முடிவு கட்டி, கருணைக்கிழங்கும் நாட்டு மருந்துமாகக் காலம் தள்ளினார். ஆள் பாதியாக இளைத்த பிறகுதான் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். குடும்பத்தில் யாருக்கும் எந்த நோவும் இல்லை என்று அவரிடம் சாதித்தார். மகள் ஸ்டெல்லாவுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. புற்று உள்ள குடும்பம் என்று பேர் வந்தால் மாப்பிள்ளை வீட்டார் எட்டிப் பார்க்கமாட்டார்கள். அப்பா இறந்தபோது நான் சின்னப்பிள்ளை. எனக்கும் ஒன்றும் தெரியாது.

கல்லறைத் திருநாளன்று எங்கள் உறவுகள் எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் கூடியிருந்தோம். மெழுகுவத்திப் பாக்கெட்டோடு டாக்டரம்மா வந்து நின்றார். சிலுவைகளில் எழுதியிருந்த வருடங்களைப் படித்து, இவர் எப்படிப் போனார், அவர் எப்படிப் போனார் என்று அத்தைகளிடம் விசாரித்தார். கல்யாணப் பேச்சில் மறைப்பதை அந்த இடத்தில் யாரும் மறைப்பதில்லை. அழுதுகொண்டே சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்குக் குடலில் கட்டி, நாற்பத்து மூன்று வயது. அவருடைய அக்காவுக்கும் அதேதான். தாத்தாவுக்கு இரைப்பையில். 

டாக்டரம்மா அண்ணனையும் என்னையும் வாசலுக்கு அழைத்தார். "ஒரே குடும்பத்துல மூணு பேருங்க. உங்கப்பா அம்பதுகூடப் பார்க்கல. இனி இதை மூலம்னு நான் விடமாட்டேன். ரெண்டு பேரும் மெட்ராஸ் போங்க."

எனக்கு ஒன்றுமில்லையே என்றேன்.

"ஒண்ணுமில்லாதப்ப போனாத்தாங்க பிரயோஜனம்."

அண்ணன், கல்யாணம் முடியட்டும் என்றார். கல்யாணம் நன்றாகவே நடந்தது. அதற்குப் பிறகு மெட்ராஸ் போனவரை மருத்துவர்களால் காப்பாற்ற முடியவில்லை. சொன்ன உடனே போன எனக்கு, குடலில் முளைத்திருந்த சின்னச் சதைகளைப் புற்றாகும் முன்பே எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து வருடம் தவறாமல் போகிறேன், ஒவ்வொரு முறையும் பயம்தான். அதைச் சொன்னால், "பயந்துகிட்டே போயிட்டு வாங்க, யாரு வேணாம்னது" என்பார்.

டாக்டரம்மாவின் சாவு வீட்டுக்கு ஸ்டெல்லாவும் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். பரிசோதனைக்குப் போகச் சொல்லி டாக்டரம்மா அவளிடமும் மன்றாடியிருந்தார். மாமியார் வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று அவள் மழுப்பிக்கொண்டே இருந்தாள். அன்று என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"சித்தப்பா, எனக்கும் அப்பாவுக்கு மாதிரியே ஒரு மாசமா ரத்தம் போவுதுங்க."

 அவள் மாமியார் பக்கத்தில்தான் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா, அத்தை, தாத்தா, அண்ணன் என்று ஒருவர் விடாமல், யார் எந்த வயதில் எதனால் போனார் என்று அவரிடம் சொன்னேன்.  அந்த அம்மாள், குழந்தையை யாரிடம் விட்டுப் போவது என்று மட்டும் கேட்டார்.

டாக்டரம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, வெட்கப்படாமல் இதைச் சொல்லும் வாய்தான். நாளைக் காலை வண்டிக்கு நான், ஸ்டெல்லா, அவள் மாமியார் என்று மூன்று பேர் போகிறோம்.