மலை தெரியாத காலைகள்

காலையில் எழுந்ததும் நான் சாமி படத்தைப் பார்ப்பதில்லை. மொட்டை மாடிக்குப் போய் மலையைப் பார்ப்பேன். எங்கள் வீடு வடக்கனந்தலைத் தாண்டிக் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் இருக்கிறது. மேற்கே கல்வராயன் மலை. அது மடிப்பு மடிப்பாகத் தெரிந்தால் அன்றைக்கு எனக்கு மூச்சு ஒழுங்காக வரும். வெறும் கோடாகத் தெரிந்தால் இன்ஹேலரை முந்தானையில் முடிந்துகொள்வேன். மலையே காணோம் என்றால் துணி துவைக்க மாட்டேன், யாரோடும் சண்டை போட மாட்டேன். சண்டைக்கு மூச்சு வேண்டும்.

"பனி" என்பார் என் வீட்டுக்காரர். மார்கழியில் சொன்னார், சரி என்றேன். தையில் சொன்னார், அதற்கும் சரி என்றேன். பங்குனி வெயிலில், மாடியில் காயப்போட்ட அவருடைய வெள்ளை வேட்டி முழுக்கக் கரி விழுந்து கிடந்ததைக் கொண்டுவந்து காட்டினேன்.

"இதுவும் பனியாங்க?"

"காத்துல எங்கிருந்தோ வந்து விழுவுது," என்றார்.

எங்கிருந்தோ இல்லை. கரும்பு வெட்டி முடிந்ததும் கொல்லையில் முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும் காய்ந்த இலையை, எங்கள் பேச்சில் சோகையை, அவர்தான் கொளுத்தச் சொல்லியிருந்தார். கொளுத்தினால்தான் வெட்டின கட்டையிலிருந்து மறுதாம்பு நன்றாகத் துளிர்க்கும் என்பது அவர் கட்சி. அவருடைய அப்பா சொன்னாராம். பீடி குடித்தால் சளி கரையும் என்று சொன்னவரும் அதே அப்பாதான்.

அந்தப் பங்குனியிலேயே ஒரு நாள் எனக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. ஒரு வார்த்தை பேச முடியவில்லை. நான் பேசாமல் இருந்ததைப் பார்த்துத்தான் அவர் பயந்துபோனார். பைக்கில் உட்காரவைத்துக் கள்ளக்குறிச்சிக்கு, எங்களுக்குப் பழக்கமான டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார். முகத்தில் மாஸ்க்கை மாட்டி நெபுலைசர் வைத்தார்கள். எங்கள் பக்கம் அதைப் புகை வைப்பது என்பார்கள். முள்ளை முள்ளால்தானே எடுக்க வேண்டும்.

பக்கத்து நாற்காலியில் அதே மாதிரி மாஸ்க்கோடு இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊர்ச் சாலையில் ரைஸ் மில் வைத்திருப்பவர்.

"வீட்டுக்குப் பக்கத்துல எதுனா புகை வருதா?" என்று டாக்டரம்மா கேட்டார். கேள்வி எனக்கு. வாயில் மாஸ்க் இருந்ததால் பதில் என் வீட்டுக்காரருக்குப் போயிற்று. கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் நடுவில் யாரும் குறுக்கிடாமல் அவருக்குப் பேசக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் அது. விடுவாரா?

"அத ஏன் கேக்குறீங்க டாக்டரம்மா. ரைஸ் மில்லு உமிச் சாம்பல்ல கண்ணத் தொறக்க முடியல. செங்கல் சூளை ஒரு பக்கம். லாரிப் புழுதி ஒரு பக்கம். ரோட்டோரம் குப்பை வேற எந்நேரமும் எரிஞ்சிக்கினே இருக்குது. மனுசன் எப்டிங்க உசுரோட இருக்கறது?"

மில் என்ற சொல் காதில் விழுந்ததும் பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்துவிட்டார். நர்ஸ் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார். வாய் திறக்க வழியில்லாத அந்த மனிதர் விரலை நீட்டி என் வீட்டுக்காரரைக் காட்டினார். அதே நேரத்தில் நானும் விரலை நீட்டியிருந்தேன். நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு மாஸ்க், இரண்டு விரல், நடுவில் அவர்.

டாக்டரம்மா மேற்கொண்டு எதுவும் விசாரிக்கவில்லை. சீட்டு எழுதிக்கொண்டே சொன்னார்: "இன்னொரு வாட்டி இப்படி வந்தா அட்மிட் பண்ணணும். ஒவ்வொரு தடவையும் பழையபடி விரியறதுக்கு நுரையீரல் என்ன பலூனா?"

எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அதுவரை மூச்சிழுப்பை வேட்டியில் விழுந்த கரி மாதிரி நினைத்திருந்தேன், உதறினால் போய்விடும் என்று.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். "இனிமே கொல்லையில நெருப்பு வெச்சா நான் எங்கம்மா வூட்டுக்குப் போய்டுவேன்."

"நைனார்பாளையத்துக்கா? போயேன். அங்க உன் தம்பி கொளுத்திக்கினு இருக்கறான்."

யோசித்துப் பார்த்தேன். சின்னசேலத்தில் அக்கா வீட்டைச் சுற்றி மக்காச்சோளத் தட்டை எரிப்பார்கள். மகள் இருக்கும் சென்னையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கோபித்துக்கொண்டு போவதற்குக்கூட எனக்கு ஒரு வீடு இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதனால் வீட்டிலேயே இருந்து பேசாமல் இருந்தேன். நாலு நாள். மூச்சிழுப்பைவிட அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஐந்தாம் நாள் அவரே இறங்கி வந்தார். அடுத்த வெட்டுக்குச் சோகையைக் கொளுத்துவதில்லை, வரிசைக்கு நடுவே ஒதுக்கிப் போட்டு மக்கவிடுவது என்று முடிவாயிற்று.

அடுத்த தையில் வெட்டு முடிந்தது. வருடா வருடம் எங்கள் கொல்லைக்கு நெருப்பு வைக்கிற கூலிக்கார அம்மா தீப்பெட்டியோடு வந்து நின்றார். கொளுத்த வேண்டாம் என்றேன்.

"இன்னாம்மா இது, உள்ள பாம்பு கீம்பு கெடக்குமே," என்றவர், சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை இருமினார். மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்த முந்தானை கறுத்துப்போயிருந்தது. இந்த இருமல் எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"அது கெடக்குதும்மா, ரெண்டு வருசமா. புகையிலயே நிக்கிறவளுக்கு வராம இன்னா பண்ணும்?"

வெட்கமாக இருந்தது. புகை மாடிக்கு வருகிறது என்று ஊரைக் கூட்டியவள், நெருப்புக்குப் பக்கத்தில் நின்றவரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. மறுநாள் அவரையும் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். நெபுலைசர் வைத்ததும் மாஸ்க்கைத் தூக்கிவிட்டு, "இங்க வந்தும் புகைதானாம்மா?" என்றார்.

சோகை ஒதுக்க என் வீட்டுக்காரரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கையெல்லாம் கீறல். தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன். ஊரில் அவருக்குப் பொண்டாட்டிக்குப் பயந்தவர் என்று பெயர் வந்தது. டாக்டருக்குப் பயந்தவன் என்று திருத்திப் பார்த்தார், எடுபடவில்லை.

ஒரு வாரம் கழித்து, காலையில் மாடியிலிருந்து அவர் குரல் வந்தது. "இங்க வா, மலை தெரியுது."

வழக்கமாக மலையைப் பார்த்துவிட்டு வந்துதான் நான் அடுப்பு மூட்டுவேன். அன்றைக்கு மூட்டிவிட்டு ஏறினேன். மலை மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. "பாத்தீங்களா, நான் அப்பவே..." என்று ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மலைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே ஒரு கரும்புகை எழுந்து மாடிப் பக்கம் வளைந்து வந்துகொண்டிருந்தது. இந்நேரத்துக்கு எந்தப் பாவி என்று கைப்பிடிச் சுவரைப் பிடித்து எட்டிப் பார்த்தேன்.

எங்கள் வீட்டுப் பின்புறம். என் வெந்நீர் அடுப்பு. விறகு சீக்கிரம் பற்றட்டும் என்று, எப்போதும்போல, பால் கவரையும் ஓர் அறுந்த ரப்பர் செருப்பையும் அடியில் போட்டிருந்தேன். இருபத்தைந்து வருடமாகத் தினமும் அதற்கு எதிரே குனிந்து ஊதி ஊதி எரியவிட்டதும் நான்தான். அங்கே ஊதித் தீர்த்த மூச்சைத்தான் டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். விரலை மட்டும் நீட்டினார்.

அன்றைக்குப் பச்சைத் தண்ணீரில் குளித்தேன். மூச்சு வாங்கத்தான் செய்தது. ஆனால் அது குளிரினால்.