தம்பி போட்ட ஊசி

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்கு ‘பிரேக் அக்கா’ என்று பெயர். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு வெடவெடக்க, அவள் தன் பக்கத்து பிரேக்கில் காலை வைத்தபடி சாவகாசமாக ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பாள். எதிரே லாரி வந்தாலும் குரல் ஏறாது. அப்பேர்ப்பட்டவளுக்கு ஸ்கேன் மெஷின் என்றால் மட்டும் குலைநடுக்கம்.

காதுக்குப் பின்னால், மண்டைக்குள் ஒரு கட்டி. ஆபரேஷனில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். மிச்சம் வளர்கிறதா என்று வருஷா வருஷம் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. நல்லவேளையாக, அந்த மெஷினை இயக்கும் டெக்னீஷியன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. படம் தெளிவாக விழுவதற்கான கான்ட்ராஸ்ட் ஊசியை அவனே போடுவான்.

ஒவ்வொரு முறையும் அவள் கேட்பாள். “இது உடம்புல தங்காதுல்லடா?”

“ரெண்டு நாள்ல ஒண்ணுக்கோட எல்லாம் போயிடும்க்கா. கண்ண மூடிப் படு.”

தம்பி சொல்லிவிட்டான், அப்புறம் என்ன. கண்ணை மூடிப் படுப்பாள்.

பழைய டாக்டர் ஓய்வு பெற்று, அந்த இடத்துக்கு ஒரு லேடி டாக்டர் வந்தார். கட்டி வளரவில்லை என்று சொல்லிவிட்டு, ஊசி போடுவதற்கு முன் எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கினார். மூளையின் ஆழத்தில், இரண்டு பக்கமும் வெளுப்பாக ஏதோ தெரிந்தது.

“இது நோய் இல்ல. இத்தனை வருஷமா போட்ட ஊசி மருந்துல கொஞ்சம் தங்கியிருக்கு.”

“தொந்தரவு பண்ணுமா டாக்டர்?”

“பண்ணுதுன்னு இதுவரைக்கும் நிரூபணம் இல்ல. பண்ணவே பண்ணாதுன்னு சத்தியம் பண்ணவும் முடியாது. இனிமே ஊசி இல்லாமலே பார்ப்போம். வேணும்னா மட்டும், குறைவாத் தங்குற வகையப் போடலாம்.”

“இது இப்பதான் கண்டுபிடிச்சதா?”

“இல்லம்மா, பல வருஷமாத் தெரிஞ்சதுதான். ஸ்கேன் ரூம்ல இருக்குறவங்களுக்கும் தெரியுமே.”

நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். அவனுக்கும் தெரிந்திருக்காது என்று வழிநெடுக மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டே போனாள். அவன் குளித்துக்கொண்டிருந்தான். துணி மடித்துக்கொண்டிருந்த தம்பி மனைவியிடம் விஷயத்தைச் சொன்னாள்.

“ஆமா அண்ணி, அது உள்ள தங்கும்னு இவர்தான் சொன்னாரே,” என்றாள் அவள் வெள்ளந்தியாக. “போன வருஷம் தலைவலின்னு எனக்கு ஸ்கேன் எடுத்தாங்கல்ல, ஊசி கூடவே கூடாதுன்னு டாக்டர்கிட்ட மல்லுக்கு நின்னாரு.”

தலையைத் துவட்டியபடி வந்தவன் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான். சமாளிக்கவில்லை.

“அவளுக்கு வெறும் தலைவலிக்கா. உனக்குக் கட்டி. ஊசி இல்லாமப் பாருங்கன்னு உன் பழைய டாக்டர்கிட்ட நான் எப்படிச் சொல்றது? உங்கிட்ட சொன்னா ஸ்கேனே வேணாம்னு எழுந்து போயிருப்ப.”

“ஊசி போட்டது தப்புன்னு நான் சொல்லல. போயிடும்னு சொன்னியே.”

“பயப்படுவியேன்னுதான்…”

“அவளுக்கு மட்டும் பயம் வராதா? அவகிட்ட உள்ளதச் சொன்ன. எங்கிட்ட பொய் சொல்லிட்டு, கண்ண மூடிப் படுன்ன.”

மடித்த துணிகளையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள் தம்பி மனைவி.

அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை நிற்கவில்லை. அவன் வருவான், டீ குடிப்பான், அவளும் சிரித்துப் பேசுவாள். ஆனால் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவரின் பெயர் சட்டென்று நாக்கில் வராமல் போனால் பகீரென்றது. வயசா, மருந்தா? யாராலும் பதில் சொல்ல முடியாத அந்தக் கேள்வியை அவனிடம் மட்டும் அவள் கேட்கவே இல்லை.

ஒருநாள் விரல் நுனி மரத்துப்போவதை அவன் எதிரில் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அவன் கையைப் பிடித்துப் பார்த்தான். “கழுத்து நரம்புதான்க்கா. பயப்பட ஒண்ணுமில்ல.”

“சரிடா,” என்றாள்.

மறுநாள் டாக்டரிடம் போனாள். கழுத்து நரம்புதான், பயப்பட ஒன்றுமில்லை என்று அவரும் சொன்னார். தம்பி சொன்னது சரிதான் என்பதில் அவளுக்குத் துளியும் நிம்மதி இல்லை. போய்வந்ததை அவனிடம் சொல்லவும் இல்லை.