பிரிண்டர் மேனுவலுக்குள் செண்பகம்

போன வாரம் என் லேப்டாப் என்னை உள்ளே விட மறுத்துவிட்டது.

இரண்டு கண்ணிலும் அடுத்தடுத்து காடராக்ட் ஆபரேஷன். நாற்பது நாள் லேப்டாப் பக்கமே போகவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தால் திரையில் எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. பாஸ்வேர்டுதான் ஞாபகம் இல்லை!

ஒரு பெண்ணின் பெயர் என்பது நினைவிருந்தது. (மனைவியின் பெயர் அல்ல. அவசரப்படாதீர்கள்.) கூடவே ஏதோ ஒரு எண். அது முன்னாலா, பின்னாலா? எது பெரிய எழுத்து? முப்பது விதமாக அடித்துப் பார்த்தேன். ம்ஹூம்...

மனைவியைக் கேட்கலாமே என்பீர்கள். மலர் கடலூரில் அவள் அக்கா வீட்டில் இருந்தாள். அக்கா பேத்திக்குக் காதுகுத்து. அதுவும் போக, அவளிடம் கேட்க முடியாத காரணம் ஒன்று உண்டு.

சொல்லிவிடுகிறேன். பதினோரு வருடமாக நான் ரகசியமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். முப்பத்தொரு அத்தியாயம் முடிந்திருக்கிறது. கதாநாயகி பெயர் செண்பகம். அவள் பெயர்தான் பாஸ்வேர்டில்.

ஏன் ரகசியம்? பத்திரிகையில் வாரா வாரம் ஒரு பக்கம் எழுதுகிறவன் நாவல் எழுதுகிறேன் என்றால் நாலு பேர் சிரிப்பார்கள். அந்த நாலு பேரில் முதல் ஆள் மலர் என்று ஒரு பயம். அதனால் நாவலை 'பிரிண்டர் மேனுவல்' என்ற ஃபோல்டரில் போட்டு, ஒரு வீடியோவைப் பார்த்து அதை என்கிரிப்ட் வேறு செய்து பூட்டி வைத்திருந்தேன். உலகத்தில் எவனாவது பிரிண்டர் மேனுவலைத் திறந்து படித்திருக்கிறானா?

சிதம்பரத்தில் எங்கள் தெருமுனைக் கடைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். "இதெல்லாம் ஒரு மேட்டரா சார்" என்றார் கடைக்காரர். பத்தே நிமிடத்தில் பழைய பாஸ்வேர்டைத் தூக்கிவிட்டார். இனி பாஸ்வேர்டே வேண்டாம், அப்படியே உள்ளே போகலாம். மனிதரை மனதாரப் புகழ்ந்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து மெயிலைத் திறந்தால் பாஸ்வேர்டு கேட்கிறது. சேமித்து வைத்ததுதானே என்று பார்த்தால் பட்டியலே காலி. சரி, போகட்டும். பிரிண்டர் மேனுவலுக்குள் போனேன். முதல் அத்தியாயத்தை க்ளிக் செய்தேன். அனுமதி மறுக்கப்பட்டது. இரண்டாவது? மறுக்கப்பட்டது. முப்பத்தொன்று வரை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். நான் எழுதியதைப் படிக்க எனக்கே அனுமதி இல்லையாம்!

வேறெங்கும் காப்பி எடுத்து வைக்கவில்லையா என்கிறீர்களா? எடுத்தால் அதை ஒளித்து வைக்க இன்னொரு இடம் தேட வேண்டுமே.

திரும்பவும் கடைக்கு ஓடினேன். "ஃபார்மேட் அடிச்சிடலாம் சார், புதுசு மாதிரி ஆயிடும்" என்றார் கடைக்காரர். லேப்டாப்பைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஷாகுல் பாய் கடை. ஷார்ஜாவில் பதினைந்து வருடம் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவர். லேப்டாப்பை விற்றதே அவர்தான். நான் மூச்சுவிடாமல் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"சார், அவுரு வீட்டுக்குப் புதுப் பூட்டு போட்டுட்டாரு. நீங்க உள்ள போயிட்டீங்க. ஆனா பீரோ இருக்கு பாருங்க, அது பழைய சாவிக்குத்தான் தொறக்கும். நீங்க சேத்து வெச்ச பாஸ்வேர்டு, என்கிரிப்ட் பண்ண ஃபைலு எல்லாம் அந்த பீரோவுலதான் கெடக்கு."

"பீரோவை உடைக்க முடியாதா பாய்?"

"உடைக்க முடியாதுன்னுதான சார் அதுல வெச்சீங்க?"

நியாயமான கேள்வி.

"பயப்படாதீங்க. பழைய பாஸ்வேர்டு தெரிஞ்சா போதும். அதையே திரும்ப வெச்சா எல்லாம் தொறந்துக்கும், இன்ஷா அல்லா. ஆனா ஒரு புள்ளி மாறக் கூடாது. உங்க வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

"அவளுக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டுப் பாருங்க சார். எங்க வீட்ல எனக்குத் தெரியாததெல்லாம் அவுங்களுக்குத் தெரியும்."

மலரின் அக்கா வீடு இரண்டு தெரு தள்ளித்தான். அதற்குள் நுழைய எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. டீக்கடையில் நின்று இரண்டு டீ குடித்தேன். சிரிக்கப் போகிறாள்... சிரிக்கட்டுமே. பதினோரு வருடம் போவதைவிட மானம் போவது மேல்.

மலர் அடுப்படியில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். என் கையில் லேப்டாப்பைப் பார்த்ததும், "என்னங்க, காதுகுத்துக்கு இத ஏன் தூக்கிக்கிட்டு வந்திருக்கீங்க?" என்றாள்.

"பாஸ்வேர்டு மறந்துபோச்சு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் தலைகூட நிமிரவில்லை. "பெரிய எஸ் போட்டு செண்பகம். அப்புறம் எழுபத்தேழு. கடைசில அந்தச் சுழிச்ச ஏ."

எண்ணெய்ச் சட்டியில் முறுக்கு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"உனக்கு... எப்படி?"

"நீங்க டைப் அடிக்கறப்ப வாய்விட்டுச் சொல்வீங்க. உங்களுக்கே தெரியாதா?"

தெரியாது. சத்தியமாகத் தெரியாது! நான் டைப்ரைட்டிங் கற்ற இன்ஸ்டிடியூட்டில் ஒவ்வொரு எழுத்தையும் உரக்கச் சொல்லிக்கொண்டே தட்ட வேண்டும் என்பது மாஸ்டர் போட்ட சட்டம். ஹையர் பாஸ் செய்து நாற்பது வருடம் ஆகியும் வாய் இன்னும் நிற்கவில்லை போலிருக்கிறது.

"எம் பேரா இருந்தா பேசாம உட்டுருப்பேன். தெனம் காலைல எஸ், எச், ஈ, என்னுன்னு ஒருத்தி பேரைச் சொன்னா? யாரு அந்தச் செண்பகம்னு பாக்க வேணாமா? நீங்க கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டுப் படுத்திருந்தீங்க இல்ல, அப்ப உள்ள போனேன்."

"என்கிரிப்ட் பண்ணியிருந்தேனே!"

"அதெல்லாம் ஒண்ணும் கேக்கல. தட்டுனேன், தொறந்துச்சு."

பிறகு ஷாகுல் பாய் விளக்கினார். என் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் கம்ப்யூட்டருக்கு அது நான்தான். அந்தப் பூட்டு வெளியாட்களுக்குத்தானாம். வீட்டு ஆளுக்கு என்ன பூட்டு?

கடையில் பெரிய எஸ் போட்டு, எழுபத்தேழு போட்டு, சுழிச்ச ஏ (அதான், @) போட்டு, பழைய பாஸ்வேர்டையே மறுபடி வைத்தார் பாய். லேப்டாப் ஒருமுறை அணைந்து எழுந்தது. முதல் அத்தியாயத்தை க்ளிக் செய்தேன். திறந்துவிட்டது. மெயிலும் மறுபேச்சில்லாமல் உள்ளே விட்டது. அழுகை வந்துவிடும்போல இருந்தது. ஆபரேஷன் ஆன கண் என்று பாயிடம் சமாளித்தேன்.

"மொதல்ல நாவல காப்பி எடுங்க சார்" என்று ஒரு பென் டிரைவை நீட்டினார்.

காப்பி எடுக்கும்போதுதான் கவனித்தேன். முப்பத்தொரு ஃபைல் இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்திரண்டு இருந்தது. கடைசி ஃபைலின் பெயர் 'மலர்'.

அத்தியாயம் வாரியாகக் குறிப்புகள். ஒன்பதாவது நன்றாக இருக்கிறது. பதினான்கில் செண்பகத்தின் அண்ணன் பெயர் மாறிவிட்டது. இருபத்தி மூன்றைப் படித்துவிட்டு அழுதேன். இருபத்தாறில் செண்பகம் மெதுவடைக்கு உளுந்தை ராத்திரி முழுக்க ஊறவைக்கிறாள் - எண்ணெய்தான் குடிக்கும், வடையா வரும்?

பதினோரு வருடமாக நான் யார் சிரிப்பார்கள் என்று பயந்தேனோ, அவள் அழுதிருக்கிறாள். சிதம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்து அந்த ஒரு வரியையே ஆலப்பாக்கம் தாண்டும்வரை படித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷம்!

உளுந்து ஊறும் நேரத்தை ஒரு மணியாகக் குறைத்துவிட்டேன். பாஸ்வேர்டை மாற்றவில்லை.