ஈரத்துக்கு அஞ்சியவர்

இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாப் பக்கத்துத் தொழிற்சாலையொன்றில் தேயிலையை உலர்த்தித் தரம் பார்க்கும் டீமேக்கர் அவர். மெலிந்த உருவம், கழுத்துவரை பொத்தானிட்ட கம்பளிச் சட்டை. கனவுகளைத் தீட்டும் சர்ரியலிச ஓவியர்களின் நூல்களை, அதுவும் சில பிரதிகளே அச்சிட்டுத் தோலட்டை கட்டியவற்றை, அரும்பாடுபட்டுச் சேகரித்தவர். கைகளைக் கழுவி, அடுப்பனலில் உலர்த்திய பின்னரே அவற்றைத் தொடுவார்.

நான் அவர் வீட்டுக்குச் சென்ற அன்று அவர் எடுத்து வைத்த நூலின் தோலட்டை வெடித்து, தாள்கள் கழன்றிருந்தன.

“என்னங்க இப்படி?” என்றேன்.

“சம்சாரம் தவறிப் போனப்புறம் இதுல பூஞ்சணம் புடிச்சிருமோன்னு பயந்து, தேயிலை காயிற ரூம்புல வச்சேங்க. தேயிலைக்கு நல்லதுன்னா இதுக்கும் நல்லதுன்னு நெனச்சிட்டேன். ஈரமே இல்லாமத் தோலு காஞ்சு வெடிச்சிருச்சு.”

ஒரு தாளை என்முன் வைத்தார். அதிலிருந்த ஓவியத்தில், கட்டிலில் மீன் ஒன்று குடைபிடித்து உறங்கிக்கொண்டிருந்தது.

“இதப் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிப்பா. ‘மீனு நனையாமத் தூங்குது, ஒழுகுற ஒங்க குவாட்டஸ் வீட்டுல நாமதான் நனையிறோம்’ம்பா.”

அவ்வேளை மூடுபனி உள்ளே புகுந்தது. நான் சன்னலைச் சாத்த எழுந்தேன்.

“வேணாங்க. கொஞ்சம் ஈரம் வரட்டும்.”

ஈரத்துக்கு அஞ்சியே வாழ்ந்த அம்மனிதர், அந்நூலைப் பனியின் பக்கமாக மெல்ல நகர்த்தி வைத்தது இன்றும் என் கண்முன் நிற்கிறது.