அவள் இளைத்த மாதங்கள்

2005ஆம் ஆண்டு ஆனி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அப்போது எனக்கு ஐம்பத்து நான்கு வயது, எண்பத்தாறு கிலோ. பத்துக் கிலோவாவது குறைய வேண்டும், தினமும் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். தனியாக நடக்கக் கூச்சமாக இருந்ததால் மனைவியையும் கூட்டிக்கொண்டேன். அவளுக்கு எழுபத்தொரு கிலோ. நோய் எதுவும் இல்லை; எனக்குத் துணையாக வந்தாள், அவ்வளவுதான்.

நல்லூரில் நாங்கள் குடியிருந்தது மாடியில். கீழே நான் மேற்பார்வை பார்த்த, பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட். அங்கே துணி ரோல்களை நிறுக்கும் எடை மிஷினில் ஐம்பது கிராம் வித்தியாசம்கூடத் தெரியும். ஞாயிறு காலை, வேலை இல்லாத நேரத்தில் இருவரும் இறங்கிப்போய் அதில் ஏறி நிற்போம். தேதி, கிழமை, நடந்த சுற்று, அவள் எடை, என் எடை என்று நோட்டில் கோடு போட்டு எழுதுவேன். பல்பு மாற்றிய நாளைக்கூடக் குறித்துவைக்கிற ஆள் நான்.

ஆவணி முடிவதற்குள் அவள் என்னை முந்திவிட்டாள். எனக்கு ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது, அவளுக்கு நான்கு. ஜாக்கெட்டுகளை இரண்டாம் முறையாகப் பிடித்துத் தைத்தாள். பள்ளி மைதானத்தில் எங்களோடு நடந்த பனியன் கம்பெனிக்காரர் ஒருவர், "ஏனுங்க, சர்க்கரை உங்களுக்கா, அம்மணிக்கா? நீங்க டாக்டரைப் பாக்கறீங்க, அவங்க எளைக்கறாங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பொறாமை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு நாள் மைதானத்துக்கே போகவில்லை. எனக்கு அரைக் கிலோ ஏறியது. அவளுக்கு ஒன்றே முக்கால் இறங்கியது. அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'நன்று' என்று எழுதினேன். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு அவள் எழுந்தபோது வாய்க்கட்டு என்று மெச்சினேன். இருமல் இருந்தது. கீழே பஞ்சு பறக்கிற இடத்தில் இருமாதவர் யார்? மழை விட்டபின் ஒருநாள் மூன்றாவது சுற்றில் அவள் மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். இன்னும் இரண்டுதான், எழுந்திரு என்றேன். எழுந்து நடந்தாள்.

கார்த்திகையில் சளியோடு ரத்தம் வந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள், சளியைப் பரிசோதித்தார்கள். காசநோய்.

இருமல் எப்போது தொடங்கியது, சாயங்காலக் காய்ச்சல் எத்தனை நாளாக என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். எடைக் கணக்கைக் காட்டலாம் என்று நோட்டை எடுத்துப்போயிருந்தேன். பக்கங்களைப் புரட்டினேன். ஒரு ஞாயிறுகூட விடுபடவில்லை. இருமல் எங்கும் இல்லை. காய்ச்சல் எங்கும் இல்லை.

"ஆடிப் பதினெட்டுக்கு முன்னாடியே இருமல் இருந்துச்சுங்க. பொழுது சாஞ்சா ஒடம்பு சுடும்" என்று அவள்தான் பதில் சொன்னாள். டாக்டர் அதை எழுதிக்கொண்டார்.

மாத்திரை வாங்கக் காத்திருந்தபோது, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னனுங்க. நடந்தாச் சரியாப் போயிரும்னீங்க."

வரிசை நகர்ந்தது. பிறகு அவளே, "அப்பறம் ஞாயித்துக்கெழமையானா நீங்க அத்தனை சந்தோசமா எழுதுவீங்க. அதைக் கெடுக்கோணுமான்னு உட்டுட்டேன்" என்றாள். குறைசொல்லும் குரல் அல்ல அது. அவள் என்னிடம் சொன்னது எந்த நாள் என்று இன்றுவரை எனக்கு நினைவு வரவில்லை.

குணமாகிவிடும், ஆறு மாதம் ஒருநாள்கூட விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும், முன்பே வந்திருக்கலாம் என்றார் டாக்டர். வீட்டை விட்டு வெளியே யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்தோம். தெரிந்தால் மாடியைக் காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயம்.

மார்கழியில் தனியாக மைதானத்துக்குப் போனேன். என் எடை எண்பத்திரண்டுக்கு வந்திருந்தது. அதை யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. பனியன் கம்பெனிக்காரரின் மனைவி என்னை நிறுத்தினார். கனத்த உடம்பு, முழங்கால் வலி உள்ளவர்.

"அம்மணி வரலீங்களா? அவங்களாட்ட எளைக்கோணும்னு எனக்கும் ஆசைங்க. என்னதான் பண்ணுனாங்க, சொல்லுங்க."

"ஒண்ணுமில்லீங்க, நடைதான்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு இன்னொரு சுற்றுக்குக் கிளம்பினார். கூப்பிட்டு நிறுத்த எனக்கு வாய் வரவில்லை. அவருக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தேன்.